உத்திரங்களை முறிப்பவள்

வசந்தரூபி சுவரோடு முகத்தை ஒட்டி நிற்கிறாள். ரூ பெர்தொனே என்ற தெருவில் சுரேனின் சாப்பாட்டுக் கடை, மத்தியான நெரிசல். கைப்பையிலிருந்து எடுத்த ஒளிபுகும் அட்டையை ஒரு வெடிப்பின் மேல் வைத்து, அட்டையிலுள்ள கோடுகளில் எது அதன் அகலத்துக்குச் சரிவருகிறது என்று பார்க்கிறாள்.

"அக்கா, சாப்பிட வந்தனீங்களோ, சுவர் பாக்க வந்தனீங்களோ?" என்கிறான் சுரேன்.

"இது பூச்சு மட்டும்தான் வெடிச்சது. பயமில்லை. எனக்கு ரெண்டு ரோல்ஸ் தாரும்."

கலியாண வீடுகளிலும் இதே கதைதான். எபினே நகரில் மண்டபம் நிறைந்த சனம் மணப்பெண்ணின் கூறையைப் பார்த்துக்கொண்டிருக்கும்; இவள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அக்கா குடும்பம் இருக்கும் அதே கட்டடத்தில், ஒரு மாடி மேலே குடியிருக்கிறாள். பிரெஞ்சுத் தலைநகரின் வடக்கே கட்டடப் பொருட்களைச் சோதிக்கும் கூடமொன்றில் வேலை. கொங்கிறீட் உத்திரங்களை இரும்புச் சட்டத்தில் ஏற்றி, மேலிருந்து பாரம் கொடுத்து, வளைவதை அளந்து, கடைசியில் முறிக்க வேண்டும். முறியும் சத்தத்துக்குக் கூட வேலை செய்பவர்களின் தோள்கள் துள்ளும். போர் நடந்த வன்னியிலிருந்து வந்த இவள் அசையமாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டார்கள். "வரப்போகுதெண்டு தெரிஞ்ச சத்தம்தானே" என்றாள்.

அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பழைய பாலர் பாடசாலையை இடித்தார்கள். அந்தக் கொங்கிறீட்டையே நொறுக்கிச் சல்லியாக்கி, அதே இடத்தில் எழும்பும் புதுப் பாடசாலையின் உத்திரங்களில் சேர்ப்பது என்று திட்டம். அதற்காகப் பலரோடு வாதாடி அனுமதி வாங்கியவள் ஆரெலி என்ற இளம் பொறியியலாளர். மாதிரி உத்திரம் ஒன்று வசந்தரூபியிடம் வந்தது. அன்றாடம் வரக்கூடிய பாரத்துக்கே அது அளவுக்கு மிஞ்சித் தொய்ந்தது.

ஆரெலியின் முகம் செத்துப்போயிற்று. "வளைவை அளக்கும் மானி சரியாகப் பூட்டப்படவில்லையோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள். வசந்தரூபிக்கு அந்தப் பெண்ணில் விருப்பம். மறுபேச்சில்லாமல் பாரத்தை இறக்கி, மானியைக் கழற்றித் திரும்பப் பூட்டி, மறுபடி ஏற்றினாள். தொய்வு குறையவில்லை. கடைசிவரை ஏற்றியபோது கணக்கிட்ட பாரத்தைத் தாண்டியும் தாங்கித்தான் முறிந்தது. ஆனாலும் தொய்வு தொய்வுதான். வந்ததை வந்தபடி எழுதினாள். அன்று மத்தியானம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

நொறுக்கிய சல்லியின் பங்கைக் குறைத்து, உத்திரத்தின் ஆழத்தைக் கூட்டி, குளிர்காலம் முடிய ஆரெலி இன்னொன்று கொண்டுவந்தாள். அது அளவுக்குள் நின்றது. பாடசாலை எழும்பியது.

இப்போது வில்லங்கம் வீட்டுக்குள் வந்தது. அக்காவுக்கும் அவள் கணவர் தர்மராசாவுக்கும் மூன்று வயதில் ஒரு மகள். அவளுக்கு இடம் கிடைத்தது அங்கேதான்.

"இடிச்ச குப்பையிலை கட்டின கூரைக்குக் கீழை என்ரை பிள்ளையை விடேலாது. நீயே சொல்லு ரூபி, அது நல்ல பீமோ?"

"முதல் வந்தது தொய்ஞ்சது அத்தான். சரிவராதெண்டு எழுதினது நான்தான். ரெண்டாவது தொய்யேல்லை. அதையும் நான்தான் முறிச்சனான்."

"அப்ப முறிஞ்சதுதானே!"

"முறியுமட்டும் ஏத்தினால்தானே எவ்வளவு தாங்குமெண்டு தெரியும். அவ்வளவு பாரம் வாறதெண்டால், பள்ளிக்கூடத்துக்கு மேலை இன்னொரு பள்ளிக்கூடம் கொண்டுவந்து வைக்கோணும்."

அக்கா சிரித்துவிட்டாள். தர்மராசா சிரிக்கவில்லை.

செப்டெம்பரில் பாடசாலை திறந்த அன்று அவர் வகுப்பு வாசலில் மகளைத் தூக்கியபடியே நின்றார். ஆசிரியை இரண்டு தரம் கூப்பிட்டாள். பின்னால் மற்றப் பெற்றோர் காத்து நின்றார்கள். அவர் கண் மேலேயே இருந்தது. "நாளைக்கு வருவம்" என்று முணுமுணுத்துத் திரும்பினார்.

லீவு எடுத்து வந்திருந்த வசந்தரூபி பிள்ளையை அவரிடமிருந்து வாங்கினாள். உள்ளே போய், உத்திரத்துக்கு நேர் கீழே கிடந்த குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, அவளுடைய சப்பாத்துகளைக் கழற்றத் தொடங்கினாள்.