தொண்ணூறு மார்க் வாங்கிய ஜமீல் பாய்

கோரிப்பாளையம் தர்கா பக்கம் தொப்பியும் அத்தரும் விற்றுக்கொண்டிருந்த ஜமீல் பாய், வாழ்க்கையில் ஒரே ஒரு பரீட்சையில்தான் தொண்ணூறு வாங்கினார். அதற்காக இன்றுவரை வருந்துகிறார்.

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். கடை போயிற்று. கூட்டிப்போய்க் கூட்டிவர ஆள் வேண்டுமே என்று, பசுமலைப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடம் பார்த்த கணக்கு டீச்சர் வேலையை மனைவி சாதிகா விட்டாள்.

நோயால் குடும்பங்கள் படும் பாட்டை அளந்து பார்க்க ஒரு தொண்டு நிறுவனம் கிளம்பியது. பாடு அதிகமுள்ள வீடுகளுக்கு ஆஸ்பத்திரி போய்வர வேன். வேன் கிடைத்தால் ஜூனில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று சாதிகாவிடம் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

"உள்ளத உள்ளபடி சொல்லுங்க. வீம்பு வேணாம்" என்றாள் காலையிலேயே.

"நா என்ன சின்னப்புள்ளையா?" என்றார் பாய். சொல்லிவிட்டு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, அத்தர் பூசி, மாடி வீட்டின் நடுக்கூடத்தில் அமர்ந்தார்.

கணக்கெடுக்க வந்தவள் உசிலம்பட்டி முனீஸ்வரி. வந்தவள், நோயாளி எங்கே என்று அவரிடமே கேட்டாள். பிறகு டேப்லெட்டைத் திறந்தாள்.

"எப்படி இருக்கீங்க பாய்?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கேன்மா."

அதுதான் முதல் கேள்வி என்று பாய்க்குத் தெரியாது. நலம் விசாரித்தவரிடம் இறைவனைப் புகழாமல் இடுப்புவலியைப் பாடுகிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. முனீஸ்வரி ஒரு கட்டத்தைத் தொட்டாள். ஆரம்பித்த வாய் அப்புறம் நிற்கவில்லை.

"மாடிப்படி ஏற முடியுதா?"

"ஒரே மூச்சுல ஏறிருவேன்."

பொய்யில்லை. நாலு படிக்கு ஒரு மூச்சு. அடுத்த மூச்சுக்குப் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அதை அவள் கேட்கவில்லை.

"நூத்துக்கு உங்க உடம்புக்கு எம்புட்டு மார்க் போடுவீங்க?"

"நூறு போட்டா கண்ணு பட்டுரும். தொண்ணூறு போடும்மா."

கடைசிக் கேள்விக்குச் சரியாக, சாதிகா டீயோடு வந்து நின்றாள்.

"உங்களுக்காக வீட்ல யாரும் வேலைய விட்டாங்களா?"

பாய் மனைவியைப் பார்த்தார். வெளியாள் முன்னால் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"அதெல்லாம் இல்லம்மா. இவ வீட்லதான இருக்கா."

பதினாறு வருடம் ஊரார் பிள்ளைகளின் தப்புக் கணக்கைத் திருத்தியவள், இதைத் திருத்தவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முனீஸ்வரி இறங்கிப் போன பிறகுதான் பாய்க்கு உறைத்தது. "இந்தா, மாத்திச் சொல்லிட்டு வாரேன்" என்று அடுப்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாலாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். தெருவில் ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. போன் போட்டார்.

"அனுப்பியாச்சே பாய். இனி மாத்த முடியாது."

வேன் பக்கத்துத் தெரு ஆரிப்புக்குப் போனது. கேள்விக்குக் கேள்வி முனகியவர் அவர். ஜூனில் பசுமலைக்கு வேறு கணக்கு டீச்சர் வந்தார்.

செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல ஆட்டோ. ஊசி குத்த வந்த நர்ஸ், மருந்துப் பையோடு நின்ற சாதிகாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்படிக்கா இருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கேன்."

கையை நீட்டிப் படுத்திருந்த பாய் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பதிலுக்கு எம்புட்டு மார்க் என்று போட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.