தட்டில் மிஞ்சிய வசனம்

நடந்ததை நடந்தபடியே எழுதுவதென்று தீர்மானித்துத்தான் இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்குச் சாராள் அம்மாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்படி டீச்சர் சொன்னார். ஒரு பக்கத்தில் அடங்காது. அடக்கி எழுதினால் அவரைப் பற்றிய நல்ல வார்த்தைகள் மட்டும் நிற்கும். நான் செய்தது வெளியே போய்விடும். அது பொய்யாகும்.

செய்தி வந்தபோது பூகோள வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீட்டை டீச்சர் படித்தார். பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோலத் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களிடம், “ஸ்டோர் சாராள் அம்மாள் இன்று காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்றார். எல்லோரும் எழுந்து நின்றோம். என் பக்கத்தில் நின்ற ஜெயமணி மெதுவாக, “கர்த்தருக்குள்ளேயா, டீச்சர்?” என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. எனக்கும்தான். டீச்சர் சுவரில் தொங்கிய தேசப்படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சிறிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரைப் போர்டிங் ஸ்டோரில் அரிசி அளந்து போடுகிறவராக மட்டுமே தெரியும். அதற்கு முன் பல வருஷங்கள் அவர் சபையின் உபதேசியம்மா. கையில் குடையும் வேதபுத்தகமுமாக மதுரைத் தெருக்களில் நடந்து, வீடு வீடாகப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார். பிறந்த ஊர் எழுமலை. பிறந்த பெயர் வீராயி. கல்யாணமாகிச் சீக்கிரமே புருஷனை இழந்து, வளர்ந்த பிறகு எழுத்துக் கற்று, ஞானஸ்நானத்தில் சாராள் ஆனார். ஆனாலும் பேச்சு எழுமலையாகவே இருந்தது. அரிசியில் கல் பொறுக்கும் முறை எங்களுக்கு வரும்போது, “இம்புட்டுப் படிக்கிறீக, கல்லுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியலையே. பரீட்சையில இதையெல்லாம் கேக்க மாட்டாகளா?” என்பார். நாங்கள் சிரிப்போம். சிரித்துக்கொண்டே கல்லை விட்டுவிடுவோம். ராத்திரிச் சாப்பாட்டில் அது யார் பல்லிலாவது அகப்படும்.

அவர் ஸ்டோருக்கு வந்த காரணம் உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் எழுமலையில் அவருடைய தம்பி இறந்துபோனார். இவர் போனார். போனது குற்றமில்லை. அங்கே மற்றவர்களோடு நின்று தம்பியின் வாயில் வாய்க்கரிசி போட்டார். அது அஞ்ஞானச் சடங்கு என்று சபையில் விசாரணை நடந்தது. எல்லார் முன்னிலும் எழுந்து மனஸ்தாபப்பட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று போதகர் எவ்வளவோ பொறுமையாகக் கேட்டார். சாராள் அம்மாள் எழுந்து, “ஐயா, நான் வருத்தப்பட வேண்டியது நெறைய இருக்கு. அதுக்கு எல்லாத்துக்கும் வருத்தப்படுறேன். இது ஒண்ணுக்கு வருத்தம் வரலையே. வந்துச்சுன்னு எப்படிச் சொல்லட்டும்?” என்றார். திருவிருந்துக்கு அவர் வரக்கூடாதென்று பெயரை வாசித்தார்கள். உபதேச வேலையும் போயிற்று; பிழைப்புக்கு ஸ்டோர் வேலையைக் கொடுத்தார்கள். அன்று முதல் ஆலயத்தில் கடைசிப் பாயில் உட்காருவார். மற்றவர்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகும்போது அவர் அங்கேயே இருப்பார்.

அவர் இரட்சிப்பை இழந்துவிட்டாரா என்பதுதான் போர்டிங்கில் எங்கள் பேச்சாகிவிட்டது. போதகர் பிரசங்கத்தில், உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தம்முடையவர்களைத் தெரிந்துகொண்டார், அவர் பிடித்த பிடியிலிருந்து ஒருவரும் நழுவ முடியாது என்றார். நம் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை துரைசாணி அம்மாளோ வேதபாட வகுப்பில், பிடி உறுதியானதுதான், ஆனால் பிள்ளை திமிறிக்கொண்டு இறங்கிப்போக முடியும், தேவன் யாரையும் கட்டி வைப்பதில்லை என்றார். நான் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இருபக்கமும் வசனங்களை எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்துகொண்டே போயின. ஒரு நாள் ஜெயமணி துணிந்து ஸ்டோரில் அவரையே கேட்டாள், நீங்கள் எந்தக் கட்சி என்று. அவர் படியை அரிசிக்குள் குத்தி நிறுத்திவிட்டு, “இடுப்புல இருக்கிற புள்ளைக்கு அதெல்லாம் தெரியுமாத்தா? கீழ கெடந்து அழுகுறப்பதான் தெரியும்” என்றார். நீங்கள் இப்போது இடுப்பிலா கீழேயா என்று கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

இனி என் காரியம்.

புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பித்தளைத் தட்டில் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டுகளை ஏந்திக்கொண்டு மூப்பர் நிற்பார். சபையார் வரிசையாகப் போய் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தமக்கென்று கொடுத்தது என்று எல்லாரும் நம்புகிறோம். சிலர் வேதபுத்தகத்தில் வைத்துக்கொள்வார்கள். சிலர் வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். போன வருஷக் கடைசியில் அந்தச் சீட்டுகளை எழுத நாலு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களில் நான் ஒருத்தி.

எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு அமைதி இல்லை. எல்லாச் சீட்டிலும் ஆறுதல். ஒன்றிலாவது எச்சரிப்பு இல்லை. இது நேர்மையா என்று தோன்றியது. ஒருதரம் ஒளியைக் கண்டபின் விலகிப்போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவது கூடாத காரியம் என்று சொல்லும் வசனம் ஒன்று உண்டு. அதை ஒரு சீட்டில் எழுதி மற்றவற்றோடு கலந்துவிட்டேன். எல்லாம் தேவன் முன்குறித்தபடியே நடப்பது மெய்யானால் அது யாருக்குத் தேவையோ அவர் கைக்குத்தான் போகும் என்று நினைத்தேன். யாருக்குப் போகும் என்றும் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. நம் சபையில் ஒரு பெரியவர், ஜெபம் செய்கிற சாக்கில் பிறர் பாவங்களைப் பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொல்லி முறையிடுவார். அவர் அதை எடுத்து வாசிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

புது வருஷத்தன்று அந்தப் பெரியவர் மேய்ப்பனைப் பற்றிய வசனத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். கைக்குழந்தைகளுக்குக்கூட அவர்கள் தாய்மார் எடுத்தார்கள். தட்டு குறையக் குறைய நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் முகமும் மாறவில்லை. கடைசிப் பாயிலிருந்து சாராள் அம்மாள் எழுந்து வந்தபோது தட்டோடு திரும்பப் போன மூப்பர் நின்றார். அதில் ஒரே சீட்டு. “ஒண்ணுதான இருக்கு. அப்ப அது எனக்குத்தான்” என்று சாராள் அம்மாள் சிரித்தபடி எடுத்தார். அத்தனை பேர் கைகளும் அந்தச் சீட்டின் மேல் போய்த் தொடாமல் வந்திருக்கின்றன. அவர் உதடுகள் அசைய அதை வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

மறுநாள் அது ஸ்டோர் கதவின் உட்புறத்தில் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

துரைசாணி அம்மாள் காதுக்குப் போயிற்று. எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு யார் எழுதியது என்று கேட்டார். ஒரே காப்பிப் புத்தகத்தைப் பார்த்து எழுதப் பழகிய எங்கள் எழுத்துகளில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. என் நாக்கு எழவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். எழுந்திருக்கும். நான் எழுப்பவில்லை. கடைசியில் சாராள் அம்மாளே வந்து, “எனக்கு வந்த கடுதாசிய எழுதினது ஆருன்னு எதுக்குங்கம்மா தேடுறீக? அனுப்பினவரு ஆருன்னு தெரியும்ல, அது போதும்” என்றார். விசாரணை அதோடு நின்றது.

ஐந்து மாதம் பொறுத்தேன். கோடை விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் தனியாக ஸ்டோருக்குப் போனேன். அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அந்தச் சீட்டை எழுதினேன் என்று சொன்னேன். அடிப்பார் என்றோ, அணைத்துக்கொள்வார் என்றோ இரண்டுக்கும் தயாராகப் போயிருந்தேன்.

“நீயா?” என்றார். சுளகைக் கீழே வைத்தார். “நான் அவருன்னுல்ல நெனச்சேன்.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏமாற்றம் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“தெனமும் காலையில கதவத் தெறக்கும்போது அவருகூடச் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். திரும்ப வர முடியாதுன்னு நீரு எழுதிக் குடுத்தீரு, நான் வந்து நிக்கிறேன், என்ன செய்வீருன்னு. நல்லாத்தான் இருந்துச்சு. மூணு வருசமா ஒரு வார்த்தை பேசாதவரு, திட்டுறதுக்காவது வாயத் தெறந்தாரேன்னு இருந்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேவன் என் கையை உபயோகித்திருக்கலாமே, எழுதியது நானானாலும் அனுப்பியது அவராக இருக்கலாமே என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

“அப்ப நீ எதுக்கு அழுகுற?” என்றார். “அவரு எழுதினாருன்னா நீ அழுக வேண்டியதில்ல. நீ எழுதினன்னா நான் இம்புட்டு நாளும் உன்கூடத்தான் மல்லுக்கட்டியிருக்கேன். ரெண்டுல எதுன்னு சொல்லுத்தா.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“யோசி. ஆனா சட்டுனு யோசி, அரிசி ஊறப் போடணும்.”

சீட்டைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கதவுக்கும் எனக்கும் நடுவில் கையை நீட்டி, “தொடாத. எழுதினதுக்கு நீ, எடுத்ததுக்கு நான்” என்றார்.

அதன்பின் நான் ஸ்டோருக்குத் தனியாகப் போகவில்லை. மற்றவர்களோடு போகும்போதும், “என்னத்தா, யோசிச்சாச்சா?” என்பார். ஏதோ கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இன்னும் இல்லை என்பேன். உண்மையில் நான் யோசிப்பதையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். போன மாதம் அவருக்கு விஷஜுரம் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

முடிவை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை எழுதுகிறேன். போதகர் கட்டிலருகே குனிந்து, அந்தக் காரியத்துக்காக மனஸ்தாபப்படுகிறீர்களா என்று கேட்டார். சாராள் அம்மாள் தலையை அசைத்தார். அதை வைத்துத்தான் முறைப்படி ஆராதனையோடு அடக்கம் செய்தார்கள். அருகில் இருந்த நர்ஸ், அவர் அப்போது தண்ணீருக்காகத் தலையைத் திருப்பியிருக்கலாம் என்றும் என்னிடம் சொன்னார். கல்லறைக்குப் போகிற வழியில் போதகர், தெரிந்துகொள்ளப்பட்டவள் கெட்டுப்போகவில்லை பாருங்கள் என்றார். துரைசாணி அம்மாள், கடைசி நேரத்திலாவது அவளாகத் திரும்பினாள் என்றார். இருவரும் அந்த ஒரு தலையசைப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நடந்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் எழுமலையிலிருந்து வந்த ஓர் அம்மாள் நின்றார். செத்துப்போன தம்பியின் மனைவி. பஸ்ஸில் உசிலம்பட்டி வந்து அங்கிருந்து வண்டி மாறி வந்திருக்கிறார். முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள் என்று கண்டதும், யாரிடமென்றில்லாமல், “வாய்க்கரிசி போட விடலையே. எங்க வீட்டுக்காரருக்கு அவுக போட்டாக. அவுகளுக்கு நாங்க போட வேண்டாமா?” என்றார். நம்மிடம் அந்த வழக்கம் இல்லை என்று ஒரு மூப்பர் சாந்தமாக எடுத்துச் சொன்னார். அவர் வாதாடவில்லை. முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியை இறக்கியபின் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போடும்போது அந்த அம்மாளும் வரிசையில் வந்தார். எனக்கு முன்னால் அவர். அவர் கையை விரித்தபோது மண்ணோடு அரிசியும் விழுந்தது. பெட்டியின் தலைமாட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. போதகர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். மூப்பர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் வந்து பார்ப்பதற்குள் நான் குனிந்து இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளி அந்த இடத்தில் போட்டேன். பிறகு இன்னொரு முறையும் போட்டேன். அரிசி மறைந்துவிட்டது. அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அது நான்கு நாட்களாக என்னை உட்காரவிடவில்லை. நான் அங்கே நிற்கும்படியும், எனக்கு முன்னால் அவர் நிற்கும்படியும் யாரோ ஏற்பாடு செய்தார்களா? இருக்கலாம். ஆனால் என் கையைப் பிடித்து யாரும் மண்ணை அள்ளவில்லை. சும்மா நின்றிருக்க முடியும். மூப்பரைக் கூப்பிட்டிருக்கவும் முடியும். அப்படியானால் சீட்டை எழுதிய கையும் இதே கைதான். ஒன்றை என்னுடையது என்றும் மற்றதைத் தேவனுடையது என்றும் எப்படிப் பிரிப்பேன்?

சாராள் அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில், காலம் தவறி: எழுதியது நான். நீங்கள் சண்டை போட்டதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நம்புகிறேன். ஆனால் எழுதியது நான்.

சாராள் அம்மாள் கர்த்தருக்குள்ளேயா என்று ஜெயமணி கேட்டதற்கு என் நோட்டின் இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை. நோட்டை நான் மூடவும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, எழுதினதுக்கு நீ, எடுத்ததுக்கு நான் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. இதை வாசித்தபின் துரைசாணி அம்மாள் என்னைக் கூப்பிடுவார். அரிசியைப் பற்றியும் கேட்பார். வருத்தமா என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று இப்போதே தெரிகிறது. சீட்டுக்கு வருத்தம், அரிசிக்கு வருத்தம் வரவில்லை. திருவிருந்தில் எனக்கும் கடைசிப் பாய் கிடைக்கலாம். அடித்துத் திருத்தாமல் இப்படியே கொடுக்கிறேன்.

ஐந்தாம் பாரம் வகுப்பு, ரூபி.

போர்டிங் மேட்ரன் விளக்கை அணைக்க வந்துவிட்டார்.