மாடியேறிய மணமேடை நாற்காலிகள்

கயிறு கட்டி இரண்டு ராஜா நாற்காலிகளை மாடிக்கு ஏற்றிய அந்தச் சாயங்காலம், எங்கள் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. சிவப்பு வெல்வெட் மெத்தை, தங்கச் சாயம் பூசிய கைப்பிடி, முதுகுக்கு மேலே ஆளுக்கொரு மயில். கல்யாண மண்டபத்தில் வரவேற்பு அன்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைக்கிற நாற்காலிகள்தான். படிக்கட்டு வளைவில் நுழையவில்லை. என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்று கயிற்றை இழுக்க, கீழே நின்று தாங்கிப் பிடித்த எங்கள் மாடி வீட்டுக் கொரியாக்காரத் தம்பி, தலையெல்லாம் தூசியாக, "தூக்குலே! தூக்குலே!" என்று கத்தினார். ஒரு மயிலின் மூக்கு சுவரில் இடித்து உடைந்து அவர் தோளிலேயே விழுந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். உலகத்திலேயே நல்ல சாமான் வாங்கிவிட்ட மனுஷனின் சிரிப்பு அது.

எங்கள் நிலத்தில் ஒரு பங்கு தொழிற்சாலைக்குப் போன பிறகு கட்டிய மாடி அது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கார் கம்பெனியும், அதற்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். பெரிய கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் சென்னையில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு சோபாவிலிருந்து ஸ்பூன் வரை கம்பெனியே கொடுத்துவிடும். இவர் வந்ததோ ஒரு சின்னக் கம்பெனிக்கு. வாடகையைக் கொடுப்பார்கள், மற்றதெல்லாம் உன் பாடு. அங்கே வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரை அழைத்துவந்தார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்று பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்து, "வணக்கம்க்கா. வூடு சூப்பர்" என்றார். எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

கம்பெனியில் மெஷின் லைனில் வேலை செய்த பையன்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் அது. நம் பக்கத்துப் பையன்கள் "இன்னா"வைக் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருந்த பையன்கள் "லே"யைக் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசுவார். கோயில் பட்டாச்சாரியாரிடம் ஒரு நாள் "இன்னாலே, நல்லாகீறியா?" என்று கேட்டுவைக்க, நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பட்டாச்சாரியாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சடாரியை இவர் தலையில் இரண்டு தடவை வைத்தார்.

மாடி வீட்டில் அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பாய், சோறு வடிக்கிற கரண்டு பாத்திரம், ஒரு பெட்டி. பெட்டிதான் மேஜை, பெட்டிதான் அலமாரி. பாவம், ஆண்பிள்ளை, இப்படியே ஓட்டிவிடுவார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் என் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சரியாக இல்லை.

"அக்கா, வைஃப் வருது. பாப்பா வருது. ஒன் மன்த். பாக்கும். புடிச்சா இருக்கும். புடிக்கல, பாப்பாவ கூட்டிக்கினு போய்டும். நான் ஒத்தையா." ஒரு விரலைக் காட்டினார். அந்த ஒற்றை விரல் என் கண்ணை விட்டு வெகுநேரம் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு இந்த ஊருக்கு வரவே இஷ்டமில்லையாம். ஒரு மாதம் பார்க்கிறேன் என்று திரும்பிப் போகிற டிக்கெட்டோடுதான் வருகிறாளாம். பெட்டியை மேஜையாக வைத்திருக்கிற வீட்டில் எந்தப் பெண்தான் இருப்பாள்?

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அழைத்துப் போவோம் என்று சொன்னவர் என் வீட்டுக்காரர். பழைய சாமான்களுக்குப் பேர்போன சந்தை. சென்னையில் வீடு மாற்றுகிறவர்கள், கடையை மூடுகிறவர்கள், எல்லோருடைய சாமானும் அங்கே ரோட்டோரம் வந்து நிற்கும். நான் வெள்ளிக்கிழமையில் பணத்தை வெளியே விடாதவள். லட்சுமி வீட்டுக்கு வருகிற நாளில் பர்ஸைத் திறப்பேனா? ஆனால் பணம் தம்பியுடையது, பேரம் பேசுகிற வாய் மட்டும்தானே என்னுடையது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

அன்றைக்கு நான் பேசிய பேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே சிரிப்பு வருகிறது. மூடிப்போன ஒரு மெஸ்ஸின் சாப்பாட்டு மேஜை, முடிவெட்டும் கடையிலிருந்து வந்த பெரிய நிலைக்கண்ணாடி, ஒரு பள்ளிக்கூட பெஞ்சு, கதவை முட்டிச் சாத்தினால்தான் மூடுகிற சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வாங்கினோம். நான் ஒரு விலை சொல்ல, கடைக்காரர் அழுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள, தம்பி நடுவில் புகுந்து, "ஜாஸ்தி கேக்காதலே, அக்கா பாவம்" என்பார். பாவம் நானா, அவரா என்று கடைக்காரருக்குக் குழப்பம். கட்டில் மட்டும் பழசு வேண்டாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். யார் படுத்து எப்படிப் போன கட்டிலோ, நமக்குத் தெரியுமா? அவர்கள் ஊரிலும் தரையில்தான் படுப்பார்களாம். நல்லதாய்ப் போயிற்று.

திரும்பும்போதுதான் அந்த நாற்காலிகள் கண்ணில் பட்டன. தம்பி அப்படியே நின்றுவிட்டார். உட்கார்ந்து பார்த்தார். கைப்பிடியைத் தடவினார்.

"இதெல்லாம் வீட்டுக்கு வாங்கற சாமான் இல்ல தம்பி. கல்யாணத்துக்கு!" என்று சொல்லி, தாலி கட்டுவதுபோல் என் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக் காட்டினேன்.

"மேரேஜா? ஆயிடுச்சுக்கா!" என்றார் பெருமையாக.

கடைக்காரர் விடுவாரா? "ராஜா சேர் சார். உங்க ஊரு பிரசிடென்டு கூட இதுல குந்தினதில்ல" என்று ஒரே போடு. சோபா வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. வாங்கியாகிவிட்டது.

சாமான்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, பிறகுதான் உள்ளே விட்டேன். யார் யார் வீட்டுப் பெருமூச்செல்லாம் அதில் ஒட்டியிருக்குமோ, கழுவிவிடுவது நல்லதுதானே. ஆனால் அந்த நாற்காலிதான் என்னைப் படுத்தியது. தினமும் காலையில் தம்பி ஒன்றில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடுவார். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். எத்தனையோ ஜோடிகள் சேர்ந்து உட்கார்ந்த இடம் அது. அதில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போய் அந்தக் காலி நாற்காலியில் வைத்தேன். "இது உன் பொஞ்சாதி வர்ற வரைக்கும்" என்றேன். என்ன புரிந்ததோ, மறுநாளிலிருந்து அந்தத் தட்டைப் பார்த்து "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார்.

அந்தப் பெண் வந்த நாள் நான் நினைத்ததுபோல் அமையவில்லை. ஆரத்தி கரைத்து வாசலில் காத்திருந்தேன். வேனில் வரும் வழியெல்லாம் குழந்தை வாந்தி. அம்மாக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று மாடியேறிவிட்டாள். வெயிலோ அப்படி அடித்தது. மெஸ் மேஜையைப் பார்த்தாள், முடிவெட்டும் கடைக் கண்ணாடியைப் பார்த்தாள், மூக்கு போன மயிலைப் பார்த்தாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கதவு சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் மட்டும்தான் திறந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஷிப்ட் முடிந்து வரும் தம்பி மேலே போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பார். "இன்னா தம்பி?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லக்கா" என்பார். அந்த ஒன்றுமில்லையில் எல்லாம் இருந்தது. நானும் என் பங்குக்குப் பெருமாளை விடவில்லை. 'அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் பிடிக்கிற மாதிரி ஒன்றே ஒன்றைக் காட்டு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கேட்டேன்.

பெருமாள் எதிர்வீட்டு அத்தையை அனுப்பினார். எங்கள் தெருவில் அவர்கள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"இன்னாடி இது? வந்து இத்தினி நாளாச்சு, இன்னும் ஆரத்தி எடுக்காமயே பொண்ண வூட்ல வச்சிகினுகீறே? அப்புறம் எப்பிடி அதுக்கு மனசு ஒட்டும்?" என்று என்னைத்தான் திட்டினார்கள். திட்டிக்கொண்டே தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாடியேறிவிட்டார்கள். நான் ஆரத்தித் தட்டோடு பின்னால் ஓடினேன்.

கூடத்தில் அந்த நாற்காலிகளைப் பார்த்ததும் அத்தைக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கதவைத் தட்டி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துவந்து ஒன்றில் உட்காரவைத்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தம்பியை இழுத்துவந்து இன்னொன்றில். குழந்தை அம்மா மடியில். யாரோ தலையில் பூ வைத்தார்கள். யாரோ கையில் வளையலைப் போட்டார்கள். ஒருத்தி லாலி பாடத் தொடங்கிவிட்டாள். அந்தப் பெண் என்ன நடக்கிறதென்று புரியாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. நான் தட்டின் நடுவே வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி, வலமாகச் சுற்ற ஆரம்பித்தேன்.

உஃப்!

குழந்தை ஊதிவிட்டது. கற்பூரம் அணைந்து புகை கிளம்பியது. பாட்டு நின்றுபோயிற்று. சுற்றுகிற கற்பூரம் அணையலாமா? அதுவும் வாயால் ஊதி? ஒவ்வொருத்தி முகமும் ஒவ்வொரு மாதிரி ஆனது. இந்தக் குடும்பம் இங்கே தங்காது என்று பெருமாளே சொல்கிறாரோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்கள். "பொறந்த நாளு கேக்குன்னு நெனச்சிகிச்சு போல. கொயந்த தானே? மறுக்கா ஏத்துடி."

ஏற்றினேன். தட்டு முழுதாக ஒரு சுற்று வரவில்லை. மறுபடியும், உஃப்! இந்தத் தடவை ஊதிவிட்டுக் கையும் தட்டிக்கொண்டது.

"அடிப்பாவி! இத்த தீயணைப்பு வண்டியில வேலைக்கு வுடுங்கடி!" என்றார்கள் அத்தை.

அவ்வளவுதான். கூடமே குலுங்கிச் சிரித்தது. அந்தப் பெண் திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தாள். அவர் தீயணைப்பு வண்டி எப்படிப் போகும் என்று கையால் ஓட்டிக் காட்டி, மணியடித்து, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். கையை எடுத்தபோது சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தானே குழந்தையின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, 'ஏற்றுங்கள்' என்று எனக்குத் தலையாட்டினாள். அந்தக் கற்பூரம் கடைசிவரை எரிந்தது. குழந்தையின் மூச்சைக் குற்றமாக எடுத்துக்கொள்கிற தெய்வமா நம் பெருமாள்? சிவப்புத் தண்ணீரைத் தொட்டு அவர்கள் நெற்றியில் வைத்தபோது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. குழந்தை வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவிக்கொண்டு தெருவெல்லாம் ஓடியது. அம்மாவும் கீழே வந்து என்னோடு பூத்தொடுக்க உட்கார்ந்தாள். ஆனாலும் அந்த டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. மாதம் முடியப்போகிற வெள்ளிக்கிழமை, அவள் வந்து "அக்கா, சந்தை" என்றாள். ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வாங்குவாள் என்று எண்ணிக்கொண்டு, கனத்த மனசோடு வேனில் ஏறினேன். தம்பியும் கூட வந்தார்.

சந்தையில் பித்தளை விளக்கு விற்றார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. மரப்பொம்மை விற்றார்கள், நிற்கவில்லை. நேராகப் போய் அவள் நின்றது பீரோக்கள் முன்னால். இரும்பு பீரோ. கடைக்காரர் சின்னதாக ஒன்றைக் காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பின்னால் ஆளுயரத்துக்கு, கண்ணாடியும் லாக்கரும் வைத்த பச்சை பீரோ ஒன்று நின்றது. கதவைத் திறந்து, ஒவ்வொரு தட்டிலும் முழங்கை வரை கையை விட்டு ஆழம் பார்த்தாள். "இது" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு முதுகுதான் நினைவுக்கு வந்தது. "இன்னாம்மா நீ! இத்த மாடிக்கு ஏத்திட்டா அப்பறம் இறக்கவே முடியாதும்மா!"

என்ன சொல்கிறார் என்று அவள் தம்பியைக் கேட்டாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஏற்றுவதுபோல் கையைத் தூக்கினார். இறக்க முடியாது என்று விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், பிறகு எங்கள் பக்கம் திரும்பி, எங்கே கற்றாளோ, "பரவால்லக்கா" என்றாள்.

தம்பி அந்த பீரோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சந்தையே பார்த்தது. கடைக்காரர் விலையை ஏற்றிச் சொன்னார். நான்கூடப் பேரம் பேச மறந்துவிட்டேன்.

தம்பி குடும்பம் பல வருஷம் இங்கே இருந்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பியது. இப்போது மாடியில் கம்பெனிப் பையன்கள் இருக்கிறார்கள். போனில் அழுத்தினால் மேஜை அட்டைப் பெட்டியில் வருகிறது. திருகாணி முடுக்கி உட்காருகிறார்கள், வேலை மாறினால் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் பச்சை பீரோ மட்டும் மேலேயேதான் நிற்கிறது. என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். அதை இறக்க முடியவில்லை.