கொய்யாக் கொழுந்து கொடுத்த வாரம்

மலத்தை அடக்குவதாக மகள் என்னிடம் ஏன் சொல்லவில்லை? இன்றும் எனக்குத் தெரியவில்லை. முதலாம் தரத்தில் சேர்ந்தவள், பாடசாலை மலசலகூடத்துக்குப் பயந்து அங்கே அடக்கி அடக்கி, வீட்டிலும் போகாமல் இருந்திருக்கிறாள். உள்ளாடையில் கசிந்ததை வயிற்றோட்டம் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் திட்டினேன்.

"கொய்யாக் கொழுந்த அவிச்சுக் குடும்மா, நின்னுரும்" என்றார் மாமியார். ஒரு வாரம் கொடுத்தேன், பப்பாளியையும் நிறுத்தினேன். படித்தவள் நான்.

கசிவு நிற்கவில்லை. கண்டியில் டாக்டர் அவளுடைய வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பெருங்குடல் தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி மலம் கல்லாப் போயிருக்கு. அதச் சுத்தித்தான் தண்ணியாக் கசியுது. கொழுந்தக் குடுத்து நீங்க அத இன்னும் இறுக்கிட்டீங்க" என்றார்.

மருந்தில் மலம் இளகிவிட்டது. ஆனால் மலசலகூடத்துக்கு நான் கூப்பிட்டாலே அவள் கால்களை இறுக்கிக்கொள்கிறாள். இப்போது அவள் பயப்படுவது எனக்குத்தான். அதை எப்படிப் போக்குவது? அனுபவப்பட்ட தாய்மார் சொல்லுங்கள்.