வலது கையும் விண்கப்பலும்

பக்கவாதம் வந்து எழுந்த பிறகு என் வலது கை சொல்பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டது. தூக்கினால் தூக்கும், நீட்டினால் நீளும். விரல்கள் மட்டும் அதனதன் இஷ்டத்துக்கு இருந்தன. சாப்பாடு இடது கையில், ஸ்பூனில். வீட்டுக்குள் இருந்தவரை சகித்துக்கொண்டேன். பிரான்சில் இருக்கும் தம்பி, தன் மகள் கல்யாணத்தைக் காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் வைத்திருப்பதாகச் சொன்னபோதுதான் எனக்கு வீம்பு பிடித்தது. நான் பெண்ணுக்கு அத்தை. முதல் பந்தியில் உட்கார வேண்டியவள். ஊரே பார்க்க வாழையிலையில் ஸ்பூனைப் போட்டுக் கிளற மாட்டேன்.

“இங்க எல்லாரும் ஸ்பூன்லதான் சாப்புடுறாங்க அக்கா” என்றான் தம்பி போனில்.

“சாப்புடட்டும். நான் காரைக்கால்லதான இருக்கேன்” என்றேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “நல்லா வந்துடுச்சே!” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வராததை வந்துவிட்டது என்று சொல்வதில் யாருக்கு என்ன லாபம்?

என் புலம்பல் தாங்காமல் மகள் லேப்டாப்பைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சின்ன வயதில் நானும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு ஆடிய அதே விண்கப்பல் விளையாட்டு. அப்பா பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது தூக்கி வந்த ஜப்பான் கம்ப்யூட்டரில் ஆடியது. கீபோர்டுதான் மொத்தக் கம்ப்யூட்டரும். டிவியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால், கீச்சென்று வெகுநேரம் கத்திய பிறகே விளையாட்டு வரும். இப்போது உடனே வந்துவிட்டது. கறுப்பு வானம், புள்ளி நட்சத்திரங்கள், கட்டம் கட்டமாக ஒரு கப்பல். இடது கை சுட வேண்டும். வலது கை அம்புக்குறி விசைகளை அமுக்கிக் கப்பலை நகர்த்த வேண்டும்.

அந்தக் காலத்து விளையாட்டில் எதிரிகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வருவார்கள். எவன் எந்த மூலையிலிருந்து இறங்குவான் என்பது இன்றும் எனக்கு அத்துப்படி. முதலாமவன் வலப்பக்கத்திலிருந்து வந்தான். தெரியும். நான் இடப்பக்கம் போக வேண்டும். அதுவும் தெரியும். விரல் அசைவதற்குள் கப்பல் சுக்குநூறாகிவிட்டது. மூன்று கப்பல்களும் போனதும், ஆட்டம் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது. அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அது ஒன்றுதான் உள்ளதைச் சொன்னது.

மகள் பாவம் பார்த்து, எல்லா விசைகளையும் இடது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். அன்று மாலை வெளுத்து வாங்கினேன். ராத்திரி சாப்பிட ஸ்பூனை எடுத்தபோதுதான் உறைத்தது.

“பழையபடி மாத்திக் குடு.”

“தோத்துக்கிட்டே இருப்பம்மா.”

“தோத்துட்டுப் போறேன். மாத்து.”

தோற்றேன். நாள்தோறும் தோற்றேன். இடது கை ஓடிவந்து உதவப் பார்க்கும், அதட்டித் துரத்துவேன். மெல்ல மெல்ல நடுவிரல் வழிக்கு வந்தது, பிறகு மற்றவை. கடைசியில் ஒரு நாள், முதல் கட்டத்தின் முடிவில் வரும் பெரிய கப்பலை வெடிக்க வைத்தேன். நான் போட்ட கூச்சலில் மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

அதே வேகத்தில் தட்டில் சோறு போடச் சொல்லி உட்கார்ந்தேன். ஒரு பருக்கைகூட வாய்க்கு வந்து சேரவில்லை. விசையை அமுக்குவது வேறு, சோற்றைத் திரட்டுவது வேறு. வாய்விட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சிந்தியதைத் துடைத்துவிட்டு, மறுபடி சோறு வாங்கினேன். அன்றிலிருந்து காலையில் கப்பல், மதியம் சோறு.

கல்யாணத்தன்று முதல் பந்தியில், நடுவில் உட்கார்ந்தேன். சாம்பார் சோற்றில் பாதி வாய்க்குப் போனது, மீதி இலையிலும் பட்டுப்புடவையிலும் விழுந்தது. நான் சாம்பாரை முடிப்பதற்குள் மற்றவர்கள் பாயசத்தையும் மோரையும் முடித்து எழுந்துவிட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளைப் பிடித்தபடி பின்னால் நின்றார்கள். இலை எடுக்கிறவர் பக்கத்து இலை வரைக்கும் வந்துவிட்டார். தம்பி குனிந்து, “அக்கா, எந்திரி. உள்ளார தனியா போடச் சொல்றேன்” என்றான்.

எதிரே வாளியோடு நின்ற பரிமாறுகிறவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இருப்பதிலேயே ரசம் சோற்றை அள்ளுவதுதான் கஷ்டம்.

“என்ன பாக்குறீங்க? சோறு போட்டு ரசம் ஊத்துங்க” என்றேன்.