காலி ரயிலில் இடம் பிடித்த கதை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதக் காலையில், சென்னையில் பூமிக்கு அடியில் இருக்கும் மெட்ரோ நிலையம் ஒன்றில் நடந்தது இது. நான் விக்கிரமங்கலம் பக்கம் விவசாயம் பார்ப்பவள். என் மகளுக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. ஒன்பதரை மணிக்குள் வரவேண்டும், தாமதமானால் அனுமதி இல்லை என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். மூன்று வருடம் கண் விழித்துப் படித்ததன் பலன் அந்த ஒரு காலையில் இருந்தது. முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டோம்.

இங்கே என் பெருமையைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சீட் பிடிப்பதில் எங்கள் இருவரையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பை, குடை, செல்போன் எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொள்வேன். அவள் வெறும் துண்டோடு கூட்டத்துக்குள் புகுந்து, இரண்டு பேர் சீட்டில் அதைப் போட்டுவிடுவாள். பிறகு நான் மூட்டை முடிச்சோடு ஆடி அசைந்து ஏறுவேன். எல்லோரும் ஏறிய பிறகுதானே கண்டக்டர் விசில் கொடுப்பார்.

மெட்ரோவில் நகரும் படியில் இறங்குவதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கீழே போனால் ரயில் வந்து நிற்கிறது, ஜனங்கள் ஏறுகிறார்கள். என் வாய் சும்மா இருக்குமா? ஓடிப் போய் இடம் பிடி என்று சொல்லிவிட்டேன். அவளும் பழக்க தோஷத்தில் கைப்பை, போன், சான்றிதழ் ஃபைல் எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டுத் துண்டோடு ஓடினாள். பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் போவதற்குள் கதவு மூடிக்கொண்டது. தட்டிப் பார்த்தேன். கண்டக்டரா இருக்கிறார், ஹோல்டான் சொல்ல? கண்ணாடி வழியாகப் பார்த்தால் பெட்டியில் பாதிக்கு மேல் காலி. ஒரு நீள சீட்டில் என் மகள் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் எனக்காகத் துண்டை விரித்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். ரயில் போய்விட்டது.

மணி எட்டே முக்கால். அவளிடம் போனும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்து விசாரித்தார். அவரும், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரும், இங்கேயே இருங்கள், உங்கள் மகள் எதிர் ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்துவிடுவாள் என்றார்கள். நானும் ஏறிப் போனால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவோமாம். நியாயமான பேச்சுதான்.

ஆனால் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. அவள் ஆறாவது படிக்கும்போது திருமானூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். டிரைவர் அவசரக்காரர். சீட் பிடித்த மகளோடு பஸ் போய்விட்டது, நான் கீழே நின்றுவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போய் அவளைக் கண்டுபிடித்த அன்றைக்கு ஒன்று சொல்லி வைத்தேன். எப்போது பிரிந்தாலும் திரும்பி வராதே, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நில், நான் வந்து சேருவேன் என்று.

அது அவளுக்கு நினைவிருக்குமா? திருச்சியில் காலேஜ் படித்தவள், எதிர் ரயில் பிடிக்கத் தெரியாதவளா என்ன? அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நான் பயந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த ரயில் வந்தது. "எம் பொண்ணு அடுத்த ஸ்டாப்புல எறங்கி நிக்குங்க, நா போறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் ஏறிய அதே கதவில் ஏறினேன். காலி சீட் இருந்தும் உட்காரவில்லை. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டபடி கதவை ஒட்டி நின்றேன். இரண்டே நிமிடம்தான். அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. நேர் எதிரே, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நான் இறங்கக் காலை எடுத்து வைத்தேன்.

"எறங்காதம்மா, நா ஏறிக்கிறேன்" என்று என்னை உள்ளே தள்ளிக்கொண்டே ஏறினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது.

"நா வருவேன்னு எப்புடிடீ நின்ன?" என்று கேட்டேன்.

"நீதானம்மா சொன்ன" என்றாள். இவ்வளவு சாதாரணமாகச் சொல்லுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே!

ஒன்பது இருபதுக்கு அந்த அலுவலக வாசலில் நின்றோம். வேலையும் கிடைத்தது. இப்போது தினமும் பெரம்பலூருக்கு வேலைக்குப் போகிறாள், சீட்டும் அவளே பிடித்துக்கொள்கிறாள். ஊரில் இன்றும் என்னை மெட்ரோவில் துண்டு போட்டவள் என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். எந்த ஊரில் எந்தக் கதவு என் முகத்துக்கு நேரே மூடினாலும், அடுத்த ஸ்டாப்பில் எனக்காக ஒருத்தி இறங்கி நிற்பாள் என்ற தைரியம் அன்றைக்கு வந்தது, இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.