‘இருக்கான்’ என்று சொன்னது நான்தான்

எனக்கு எண்பத்து மூன்று வயது ஆகிறது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். யார் வீட்டு வாசலிலும் கையேந்தி நின்றதில்லை. பொய்க்காரி என்று ஒருவர் சொல்ல நான் இடம் வைத்ததுமில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு இதை நானேதான் எழுதுகிறேன். யாரையாவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது வாயால் சொல்ல வராத சங்கதி.

கம்யூனிஸ்ட் சண்டைக் காலத்தில் தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த கம்பிவேலியைப் பிரித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். மலாயாவில், கெடா மாநிலத்துச் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், எங்களோடுதான் இருந்தான். இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. வேலைக்கு அஞ்சாதவன். ஒரே குறை, விடியற்காலையில் எழுந்திருக்க மாட்டான்.

தோட்டத்தில் இருட்டோடு பெரட்டு நடக்கும். எல்லாரும் வாளியும் உளியுமாக வரிசையில் நிற்போம். எங்கள் மேல் ஆளான தண்டல் விளக்கைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். என் கொழுந்தன் பெயர் வருகிற நேரத்தில் அவன் லயத்து வீட்டில் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பதில் நான் சொல்வேன்.

“இருக்கான் தண்டலண்ணே, வாளி எடுக்கப் போயிருக்கான்.”

தண்டல் தலை நிமிராமல் புள்ளி வைத்துக்கொள்வார். அவருக்கும் தெரியும். பெயர் கூப்பிட்டு முடிவதற்குள் அவன் மரங்களுக்கு நடுவில் ஓடிவந்து வரிசையில் நுழைந்துவிடுவான். நான் மட்டும் செய்ததில்லை, லயத்தில் எல்லாரும் எல்லாருக்கும் செய்தார்கள். நாளாக நாளாக வாளிக் கதையெல்லாம் போய், “இருக்கான்” என்ற ஒரு வார்த்தை போதும் என்றாகிவிட்டது. அதைப் பொய் என்றே நான் நினைக்கவில்லை.

அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஈட்டி மீன் பைத்தியம் பிடித்திருந்தது. கடலுக்குள் முங்கி, பாறை இடுக்கில் பதுங்கியிருக்கும் மீனை ஈட்டியால் குத்திக்கொண்டு வருவது. ஆரம்பித்து வைத்தவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசில் எல்லாருக்கும் மேலே இருந்தவர். பினாங்கில் வாங்கிய நீச்சல் கண்ணாடி அவரிடம்தான் முதலில் இருந்தது. என் கொழுந்தன் அதை ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, மரச்சட்டத்தில் கண்ணாடித் துண்டு பதித்து, ஓரத்தில் ரப்பர்ப் பாலைப் பூசிப் பூசிப் புகையில் காய வைத்துத் தனக்கென்று ஒன்று செய்துகொண்டான். கிராணியின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகும், இவனுடையதில் ஒரு சொட்டுப் புகாது. ஈட்டியை எய்கிற துப்பாக்கியும் அப்படித்தான். பலகையைச் செதுக்கி, சைக்கிள் டியூபை வாராக வெட்டிக் கட்டி, இரும்புக் கம்பியைத் தீட்டி ஈட்டியாக்கினான்.

யான் என்கிற ஊரின் கரைக்கு எதிரே கடலில் சின்னத் தீவுகள் உண்டு. அதில் ஒன்றில் சனி ஞாயிறு கூடுவோம் என்று மூன்று தோட்டத்து ஆட்களும் சுங்கை பட்டாணி டவுன் ஆட்களும் பேசி முடிவு செய்தார்கள். சமைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிப்போனார்கள். என் மூத்தவனை மாமியாரிடம் விட்டுவிட்டு, வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து லாரியில் போனேன். கடலை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிடிக்கவில்லை. நிற்கவே நிற்காத தண்ணீர்.

சனிக்கிழமை சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று. ஞாயிறு காலையில் என் கொழுந்தன் ஒரு பெரிய கெராப்பு மீனைக் குறி வைத்துத் தவறவிட்டான். டவுன் தையல்காரர் ஒருவர் அவனை விடவில்லை.

“தம்பி, இந்த ஈட்டில சாத்தே கறி குத்தலாம், மீனு குத்த முடியாதுலா!”

“பாருங்கண்ணே, அதே மீன உங்க கைல தரேன். அதுக்கும் ஒரு சட்டை தைச்சுப் போட்டு விடுங்க.”

சொல்லிவிட்டு என்னிடம் வந்தான். “அண்ணி, பின்பக்கத்துப் பாறைக்குப் போறேன். சோறு எடுத்து வெச்சிருங்க” என்றான். சரி என்றேன். தலையைத் தூக்கிக்கூட அவனைப் பார்க்கவில்லை. சம்பல் கருகிக்கொண்டிருந்தது.

மத்தியானம் தாண்டியதும் மேற்கே வானம் கறுத்தது. படகுக்கார மலாய்ப் பெரியவர் கடலைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். உடனே கிளம்பினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். படகு இரண்டு. டவுன்காரர்களும் மற்றத் தோட்டத்து ஆட்களும் முதல் படகில் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டாவதில். காற்று தூக்கி அடித்தது. ஆளாளுக்குக் கத்திக்கொண்டு சாமான்களை ஏற்றினோம்.

தண்டலும் ஈட்டி மீன் ஆள்தான். அவர் படகின் முன்னால் ஏறி நின்று, “பெரட்டு பாக்குறேன், கொஞ்சம் சும்மா இருங்கப்பா!” என்றார். அந்த அவசரத்திலும் எல்லாரும் சிரித்தார்கள். பெயர் பெயராகக் கூப்பிட்டார். நான் குனிந்து சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஈரக்கயிறு முடிச்சு விழாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. என் கொழுந்தன் பெயர் வந்தது.

“இருக்கான்” என்றேன்.

படகு கிளம்பிவிட்டது.

கொஞ்ச தூரம் போன பிறகு, அவனுக்கு எடுத்து வைத்த சோற்றுக் கோப்பை என் காலில் இடித்தது. கொடுக்கலாம் என்று திரும்பினேன். ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அவன் இல்லை.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எனக்கு நேர் எதிரே பெரிய கிராணி உட்கார்ந்திருந்தார். ஆள் இல்லை என்று சொன்னால், இருக்கிறான் என்று சொன்னது யார் என்று கேட்பார். பெரட்டிலும் இப்படித்தானா என்று கேட்பார். தண்டலுக்கு வேலை போகும், எங்களை லயத்தை விட்டு இறக்குவார்கள். இவ்வளவும் ஒரே நிமிஷத்தில் மனசுக்குள் ஓடியது. அதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. பொய்க்காரி என்று அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டுமே என்ற எண்ணம். முதல் படகில் ஏறியிருப்பான், கட்டாயம் ஏறியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த அக்கா கேட்டாள். “ஏன்டி, உன் கொழுந்தன் சத்தத்தையே காணோம்?”

“அந்த போட்டுல ஏறிட்டான்க்கா.”

இது வாய்ப் பழக்கத்தில் வந்த வார்த்தை இல்லை. தெரிந்தே சொன்னது.

மழை ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். தீவின் தென்னை மரங்கள் விரல் அளவாகிவிட்டன. நான் கோப்பையை மடியில் வைத்து மூடிக்கொண்டு, முதல் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பொட்டு மாதிரி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. யாரோ நனையாமல் இருக்க அரிசிச் சாக்கை இழுத்தார்கள். சாக்குக்கு அடியில் அவன் சட்டை மடித்து வைத்தபடி இருந்தது. முதல் படகில் போகிறவன் சட்டையை இங்கேயா விட்டுவிட்டுப் போவான்?

எழுந்து நின்றேன். படகு ஆடியதில் கிராணியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“நிறுத்துங்க! தம்பி தீவுல இருக்கான்! நான்தான் இருக்கான்னு சொல்லிட்டேன்!”

என் வீட்டுக்காரர் கையிலிருந்த டப்பா நழுவிக் கடலில் விழுந்தது. என்னைப் பார்த்தார். படகுக்காரருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. படகைத் திருப்பிவிட்டார்.

கிராணி மெதுவாக, “உமக்கு எப்ப தெரிஞ்சது, பிள்ளை?” என்று கேட்டார்.

“இப்பத்தாங்க ஐயா. சட்டையப் பாத்ததும்.”

“நல்ல காலம், உடன சொன்னீர்.”

தீவுக்குத் திரும்பினால் கரையில் ஆள் இல்லை. ஈரமணலில் அந்தப் பெரிய கெராப்பு ஈட்டியோடு கிடந்தது, வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்து காலடித் தடம் நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. படகு போவதைப் பார்த்துவிட்டு, கத்தியும் கேட்காமல், பின்னாலேயே நீந்தியிருக்கிறான். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

படகுக்காரர் ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் போட்டு, அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்தார். அந்தப் பக்கமே படகை விட்டார். மழையில், கரைக்கு அடையாளமான ஜெராய் மலை மறைந்துபோய், எது கரை எது கடல் என்று தெரியவில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை இன்ஜினை நிறுத்தி, கூப்பிடச் சொன்னார். ஆண்கள் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர்கள் குரல் காற்றில் கலைந்துபோயிற்று. அப்புறம் தண்டல் என்னைப் பார்த்து, “நீ கூப்புடு தாயி, மெல்லிசுக் குரல் தூரம் போகும்” என்றார்.

அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மழைச் சத்தம்தான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். இத்தனை நாள் அந்தப் பெயருக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல யாரும் இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது. தொண்டையில் ரத்த வாடை வந்துவிட்டது.

“அண்ணீ! இங்க இருக்கேன்!”

மலாய்க்காரர்கள் மீன் பிடிக்கக் கடலில் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். மரத்துப்பாக்கியை அக்குளில் இடுக்கி மிதந்தே அதுவரை போயிருக்கிறான். கம்பத்துச் சிப்பி கிழித்து நெஞ்செல்லாம் ரத்தம். தூக்கிப் போட்டதும் பல் தந்தியடிக்க, “அண்ணி, மீன எடுத்தீங்களா?” என்று கேட்டான். என் வீட்டுக்காரர் பளாரென்று அவன் கன்னத்தில் ஒன்று விட்டார். விட்ட கையாலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

கரை ஏறியதும் தண்டல் கிராணி முன்னால் கைகட்டி நின்றார். பெரட்டு விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தார். கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நான் ஒண்டும் கேக்கேல்லை” என்றார். அவ்வளவுதான். எதற்குப் பயந்து அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது மூன்று வார்த்தையில் முடிந்துபோனது. திங்கட்கிழமை முதல் தண்டல் பெயர் கூப்பிடும்போது விளக்கை உயர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் கொழுந்தன் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான்.

அவன் கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, நாலு வருஷத்துக்கு முன்பு படுக்கையில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் காலில் விழுவான். “அன்னைக்கு அண்ணி பாத்த மாத்திரத்துல கத்தலைன்னா நான் மீனுக்குச் சோறு” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வான். நான் தலையைத் தடவிக் கொடுத்து அதிரசம் எடுத்து வைப்பேன். பார்த்த மாத்திரத்தில் கத்தவில்லையடா என்று சொல்ல ஐம்பது தீபாவளிக்கு மேல் கிடைத்தும் நான் சொல்லவில்லை. வாய் தவறி ‘இருக்கான்’ என்றதை எல்லாரும் மறந்து மன்னித்துவிட்டார்கள். தெரிந்தும் பேசாமல் இருந்தது யாருக்கும் தெரியாது, அதனால் மன்னிக்கவும் ஆள் இல்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால், லீவுக்கு வந்திருக்கிற அவன் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். கண் மங்கல், எழுதியது சரியா என்று தெரியவில்லை, வாசித்துக் காட்டு என்று சொன்னேன். உன் தாத்தாவிடம் சொல்ல வேண்டியதைத்தான் எழுதியிருக்கிறேன், படிம்மா. அந்தப் படகில் நான் பேசாமல் இருந்ததை நீ உன் வாயால் சொல்லி என் காதில் விழுந்தால்தான் இந்தச் சங்கதி எனக்கு முடியும்.